கோதுமை மாவில் சவர்டோ பிரெட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் பிரெட் சுடுகிறேன் என்று தெரிந்த நாளிலிருந்து அக்கம்பக்கம், சொந்தபந்தம், கூட வேலை பார்ப்பவர்கள் என்று கேள்விகள் நின்றபாடில்லை. அதில் பாதிக்கு மேல் ஒரே கேள்விகள். ஆளாளுக்குத் தனித்தனியாக வாய்ஸ் மெசேஜ் அனுப்புவதைவிட ஓரிடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இணையத்தில் கிடைக்கும் செய்முறைகளில் பெரும்பாலானவை 22, 24 டிகிரி சமையலறையையும், பிரெட்டுக்கென்றே அரைத்த வலுவான வெள்ளை மாவையும் மனதில் வைத்து எழுதியவை. நம் சமையலறையோ வருடத்தில் பாதி நாள் 30க்கு மேல். கையில் இருப்பது ஆட்டா. அங்கே சொல்லும் நேரமும் தண்ணீரும் இங்கே அப்படியே ஒத்துவராது. கீழே வரும் பதில்களில் பலவும் இந்த இரண்டு வித்தியாசங்களைச் சுற்றியே இருக்கும்.

சவர்டோன்னா என்ன? ஈஸ்ட் போடாம பிரெட் எப்படிப் பொங்கும்?

ஈஸ்ட் இருக்கிறது, கடையில் வாங்கிய ஈஸ்ட்தான் இல்லை. கோதுமை மணியின் மேல்தோலிலேயே ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் ஒட்டிக்கொண்டிருக்கும். மாவும் தண்ணீரும் கலந்து வைத்து, தினம் கொஞ்சம் புது மாவு கொடுத்து வந்தால் அவை பெருகும். ஈஸ்ட் காற்றை உண்டாக்கி மாவைப் பொங்க வைக்கும், லாக்டிக் அமில பாக்டீரியா புளிப்பைக் கொடுக்கும். இந்தக் கலவைக்குத்தான் ஸ்டார்ட்டர் என்று பெயர், அதைக் கொண்டு பொங்கவைத்துச் சுடும் பிரெட்தான் சவர்டோ.

பாக்கெட் ஈஸ்ட் 19ஆம் நூற்றாண்டுச் சமாச்சாரம். அதற்கு முன்பு உலகம் முழுக்கப் புளித்த மாவிலோ, மது வடித்த வண்டலிலோதான் பிரெட்டைப் பொங்க வைத்தார்கள். கோவாவில் பாவ் ரொட்டிக்குக் கள் ஊற்றியதும், நம் பக்கத்தில் ஆப்ப மாவுக்குக் கள் ஊற்றியதும் அதே வேலைக்குத்தான்.

அப்போ ஃப்ரிட்ஜ்ல இருக்கற இட்லி மாவையே ஊத்திடலாமே?

இதைக் கேட்காத ஆளே இல்லை. நியாயமான கேள்விதான். ஆனால் இட்லி மாவு பொங்குவதில் முக்கியப் பங்கு பாக்டீரியாவுக்கு. லூக்கோநாஸ்டாக் என்ற வகை, புளிப்போடு சேர்த்துக் காற்றையும் உண்டாக்கும். அந்தக் காற்றைப் பிடித்து வைப்பது உளுந்தின் கொழகொழப்பு. பிரெட்டில் அந்த வேலையைச் செய்ய வேண்டியது குளூட்டன் என்ற, கோதுமையின் இழுபடும் புரதம். இட்லி மாவை நேராக ஊற்றினால் புளிப்பு ஏறும், அரிசியும் உளுந்தும் சேர்ந்து குளூட்டனை நீர்க்க வைக்கும், ரொட்டி தட்டையாக வரும்.

ஒரு ஸ்பூன் இட்லி மாவை விதையாகப் போட்டு ஸ்டார்ட்டரை ஆரம்பித்தால் தவறில்லை. தினமும் கோதுமையே கொடுத்துவந்தால் சில வாரங்களில் கோதுமைக்கு ஏற்ற கூட்டம்தான் அதில் மிஞ்சும். அதனால் பெரிய லாபமும் இல்லை.

ஸ்டார்ட்டரை எப்படி ஆரம்பிக்கணும்? மைதாவா, கோதுமையா?

கோதுமை மாவு. தவிட்டோடு இருப்பதால் நுண்ணுயிரும் அதிகம், அவற்றுக்குத் தீனியும் அதிகம். கண்ணாடி பாட்டிலில் 30 கிராம் மாவு, 30 கிராம் தண்ணீர் போட்டுக் கலக்கி, மூடியை இறுக்காமல் வையுங்கள். வடை மாவுப் பதத்தில் இருக்கும், அது சரிதான். மறுநாள் கிளறி மட்டும் விடுங்கள். அதற்கு மறுநாளிலிருந்து தினமும் 20 கிராம் மட்டும் எடுத்துக்கொண்டு, 20 கிராம் மாவும் 20 கிராம் தண்ணீரும் சேருங்கள். கப், ஸ்பூன் கணக்கெல்லாம் வேண்டாம். 1 கிராம் காட்டும் சமையலறைத் தராசு ஒன்று வாங்கிவிடுங்கள். இந்த வேலையில் அதுதான் முதல் செலவு, ஓவன்கூட அப்புறம்தான்.

புது மாவு கொடுத்த 4 மணி நேரத்துக்குள் இரட்டிப்பாகி, அதுவே தொடர்ந்து மூன்று நாள் நடந்தால் பிரெட்டுக்குத் தயார். தண்ணீரில் ஒரு துளி போட்டு மிதக்கிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். முழுக்கோதுமை ஸ்டார்ட்டர் நன்றாக இருக்கும்போதே மூழ்கும். அந்தப் பரீட்சையை நம்பாதீர்கள்.

ரெண்டாவது நாளே பொங்கி வழிஞ்சுது, நாலாவது நாள் அசையவே இல்லை. செத்துப்போச்சா?

இல்லை. முதலில் பொங்கியது ஈஸ்ட்டால் அல்ல. மாவில் இருக்கும் வேறு சில பாக்டீரியாக்கள் முதலில் பெருகி, காற்றையும் கொஞ்சம் நாற்றத்தையும் உண்டாக்கும். புளிப்பு ஏற ஏற அவை அடங்கிவிடும். ஈஸ்ட் விழித்துக்கொண்டு எண்ணிக்கையில் சேர இன்னும் சில நாள் ஆகும். இந்த இடைவெளியில்தான் பலர் பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்துவிடுகிறார்கள்.

தினமும் மாவு கொடுத்துக்கொண்டே இருங்கள். அவசரமென்றால் முதல் இரண்டு நாள் தண்ணீருக்குப் பதில் அன்னாசிப்பழச் சாறு ஊற்றலாம். அதன் புளிப்பு அந்த முதல் கூட்டத்தை வளரவிடாது.

வெளிநாட்டுல நூறு வருஷப் பழைய ஸ்டார்ட்டர் விக்கறாங்களே, அது ஒசத்தியா?

காசு உங்களுடையது. சான்பிரான்சிஸ்கோ ரொட்டியின் புளிப்புக்குக் காரணமான பாக்டீரியாவுக்கு அந்த ஊர்ப் பெயரையே வைத்தார்கள். பிறகு அதே இனம் ஐரோப்பாவின் ஸ்டார்ட்டர்களிலும் இருப்பது தெரியவந்தது. எந்த மாவு, எவ்வளவு வெப்பம், எத்தனை மணிக்கு ஒருமுறை தீனி என்பதைப் பொறுத்துத்தான் உள்ளே யார் தங்குவது என்று முடிவாகும். உங்கள் வீட்டு ஆட்டாவையும் வெயிலையும் சில மாதம் சாப்பிட்ட பிறகு அது உங்கள் வீட்டு ஸ்டார்ட்டர்தான்.

எந்தத் தண்ணி? கார்ப்பரேஷன் தண்ணியில குளோரின் வாசனை வருது.

வாசனை தெரியும் அளவுக்கு இருந்தால் காய்ச்சி ஆறவைத்து ஊற்றுங்கள். கேன் தண்ணீர், ஆர்ஓ தண்ணீர் எல்லாம் ஓடும்.

மேல கறுப்பா தண்ணி நிக்குது, நெயில் பாலிஷ் வாசனை வேற. கெட்டுப்போச்சா?

பசி. கொடுத்த மாவு தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். தண்ணீரை வடித்துவிட்டோ கலக்கிவிட்டோ புது மாவு கொடுங்கள், ஓரிரு வேளையில் வாசனை மாறிவிடும். நம் வெயிலில் சம அளவு தீனி நான்கைந்து மணி நேரத்தில் காலி. அதனால் வெளியே வைப்பவர்கள் 5 கிராம் ஸ்டார்ட்டருக்கு 25 கிராம் மாவு, 25 கிராம் தண்ணீர் என்று கொடுங்கள், மெதுவாகும்.

பஞ்சு பஞ்சாகப் பூசணமோ, இளஞ்சிவப்பு அல்லது ஆரஞ்சு நிறக் கோடோ தெரிந்தால் மட்டும் யோசிக்காமல் மொத்தத்தையும் கொட்டுங்கள். மேலாக வழித்துவிட்டுத் தொடர்வது வேண்டாம்.

தினமும் பாதியைக் கொட்டச் சொல்றாங்க, எனக்கு மனசே வரலை.

கொட்டவே வேண்டாம். அரை பாட்டில் ஸ்டார்ட்டர் வைத்திருப்பதால் வரும் தொல்லை இது. பழகிய ஸ்டார்ட்டர் 20 கிராம் இருந்தால் ஒரு வீட்டுக்குப் போதும். ஃப்ரிட்ஜில் வைத்து வாரத்துக்கு ஒருமுறை மாவு கொடுத்தால் போதுமானது. பிரெட் சுடப்போகும் முதல் நாள் ராத்திரி அதிலிருந்து தேவையான அளவுக்கு மட்டும் பெருக்கிக்கொள்ளலாம்.

ஆரம்ப நாள்களில் மிஞ்சுவதைக் கோதுமை தோசை மாவிலோ ரவா தோசை மாவிலோ கலந்துவிடுங்கள். லேசான புளிப்போடு முறுகலாக வரும். ஸ்டார்ட்டர் பிறந்த முதல் வார மிச்சத்தை மட்டும் சாப்பாட்டில் சேர்க்க வேண்டாம். அப்போது அதில் யார் யார் குடியிருக்கிறார்கள் என்று சொல்ல முடியாது.

பாக்கெட் ஆட்டா நல்லதா, மில்லுல அரைக்கறது நல்லதா?

இரண்டிலும் பிரெட் வரும். குணம் வேறு. கல்லில் அரைபடும் ஆட்டாவில் மாவுச்சத்துத் துகள்கள் நிறைய உடைந்திருக்கும். சப்பாத்தி மிருதுவாக இருக்க அது நல்லது, உடைந்த துகள் தண்ணீரை நிறைய இழுக்கும். பிரெட்டில் அதே குணம் இரண்டு விதமாக வேலை செய்யும். தண்ணீர் கூடுதலாகக் கேட்கும், மாவிலிருக்கும் நொதிகள் அதைச் சீக்கிரம் சர்க்கரையாக உடைப்பதால் புளிப்பதும் வேகமாக நடக்கும்.

மில்லில் அரைப்பவர்கள் கோதுமைக்கு முன்னால் அந்த மெஷினில் என்ன அரைத்தார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கேழ்வரகுக்குப் பின்னால் போட்டால் முதல் இரண்டு கைப்பிடி மாவு கறுத்துத்தான் விழும். அரைத்த மாவு கை வைக்க முடியாத சூட்டில் வரும். வீட்டுக்கு வந்ததும் பேப்பரில் பரப்பி நன்றாக ஆறவிட்டுத்தான் டப்பாவில் போட வேண்டும். கோதுமை முளையில் எண்ணெய் இருப்பதால் முழுமாவு மைதா அளவுக்கு நாள் தாங்காது. வெளியே வைத்தால் இரண்டு மூன்று வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். கசந்த வாசனை வந்துவிட்டால் புளிக்கவைத்தாலும் அது போகாது.

பாக்கெட் வாங்கினால் பின்பக்கம் 100 கிராமுக்குப் புரதம் எவ்வளவு என்று பாருங்கள். கூட இருப்பதை எடுங்கள். புரதம் அதிகம் என்பதாலேயே குளூட்டன் வலுவாக இருக்கும் என்று சொல்ல முடியாது, ஆனால் கடையில் நின்று பார்க்க முடிகிற அளவுகோல் அது ஒன்றுதான்.

சும்மா கதை வேணாம், அளவு சொல்லுங்க.

சரி. 9க்கு 5 அங்குல டின்னுக்கு: சலித்த ஆட்டா 250 கிராம், மைதா 150, தண்ணீர் 290, பொங்கிய ஸ்டார்ட்டர் 60, உப்பு 8. ஸ்டார்ட்டரில் பாதி மாவு, பாதி தண்ணீர் என்பதால் மொத்தம் 430 கிராம் மாவுக்கு 320 கிராம் தண்ணீர், அதாவது 74 சதவீதம். மாவு எவ்வளவோ அதை 100 என்று வைத்து மற்றதைச் சொல்வதுதான் பேக்கரிக் கணக்கு. எந்தச் செய்முறையையும் இப்படி மாற்றிப் பார்த்தால் அதன் லட்சணம் தெரிந்துவிடும்.

ராத்திரி 5 கிராம் ஸ்டார்ட்டருக்கு 30 மாவு, 30 தண்ணீர் கொடுத்துவிட்டுப் படுங்கள். காலையில் 60 எடுத்தால் 5 மிஞ்சும், அதுவே அடுத்த விதை. மாவையும் தண்ணீரையும் மட்டும் முதலில் கலந்து அரைமணி நேரம் ஊறவிடுங்கள். தவிடு தண்ணீரைக் குடித்து மெத்தென்று ஆவதற்காக இது. பிறகு ஸ்டார்ட்டரும் உப்பும் சேர்த்து ஐந்து நிமிடம் பிசைந்து, அரைமணிக்கு ஒருமுறை என மூன்று தடவை, ஓரத்தை இழுத்து நடுவில் மடித்து விடுங்கள். பொங்கியதும் சுருட்டி டின்னில் வைத்து, மேலே விரலால் அழுத்தினால் குழி மெதுவாக மேலெழும்பும் பதம் வந்ததும் ஓவனில். சலித்த தவிட்டை எறியாமல் எண்ணெய் தடவிய டின்னில் தூவுங்கள், ரொட்டி ஒட்டாது, ஓரம் வறுத்த வாசனையோடு வரும்.

பொங்கறதுக்கு எவ்வளவு நேரம் விடணும்? செய்முறையில 8 மணி நேரம்னு போட்டிருக்கு.

நம்மூரில் அப்படி 8 மணி நேரம் விட்டால் மாவு கூழாகிவிடும். சவர்டோவில் அடிக்கடி காணப்படும் ஈஸ்ட் வகை ஒன்றுக்கு 27 டிகிரி சுகம், 35 டிகிரியைத் தாண்டினால் வளர்வதையே நிறுத்திவிடும். கூட இருக்கும் பாக்டீரியாவுக்கோ 32, 33தான் சுகம். சித்திரை வெயிலில் சமையலறை மேடையில் வைத்த மாவில் யார் ஜெயிப்பார்கள் என்று பாருங்கள். புளிப்பு தாறுமாறாக ஏறும், பொங்கல் குறையும். போதாததற்கு, புளிப்பு ஏறும்போது கோதுமையிலேயே இருக்கும் சில நொதிகள் வேலையைத் தொடங்கிக் குளூட்டனை அறுக்கும். காலையில் நிமிர்ந்து நின்ற மாவு மதியம் தட்டில் ஓடுவது இதனால்தான்.

அதனால் மாவின் வெப்பத்தை முதலிலேயே இறக்குங்கள். 26 டிகிரி மாவு வேண்டுமென்றால் 26ஐ 3ஆல் பெருக்கி, வரும் 78இலிருந்து அறை வெப்பத்தையும் மாவு டப்பாவின் வெப்பத்தையும் கழியுங்கள். அறை 33, மாவு 32 என்றால் மிச்சம் 13. தண்ணீர் 13 டிகிரியில் இருக்க வேண்டும். ஃப்ரிட்ஜ் தண்ணீரும் குழாய்த் தண்ணீரும் கலந்தால் கிட்டத்தட்ட அங்கே வந்துவிடும். ரொம்ப வெயில் நாளில் பிசைந்த பாத்திரத்தை ஒரு அகலத் தட்டுத் தண்ணீரில் இறக்கி வையுங்கள், அல்லது அறையில் எது குளிர்ச்சியான தரையோ அங்கே வையுங்கள்.

நேரம் என்றால், மேலே சொன்ன அளவுக்கு மாவு 26இல் இருந்தால் நாலு, ஐந்து மணி நேரம். 30ஐத் தாண்டிவிட்டால் மூன்று மணி நேரத்திலேயே பார்க்கத் தொடங்குங்கள். பிசைந்த கையோடு நெல்லிக்காய் அளவு மாவைக் கிள்ளி, குறுகலான கண்ணாடி டம்ளரில் அழுத்திப் போட்டு, அதன் மட்டத்தில் ரப்பர் பேண்ட் மாட்டிப் பக்கத்திலேயே வையுங்கள். முழுக்கோதுமையில் அது ஒன்றரை மடங்கு ஆனதும் போதும். இரட்டிப்பாகட்டும் என்று காத்திருக்காதீர்கள், அது மைதாவுக்கான கணக்கு.

மாவு கையெல்லாம் ஒட்டுது. இன்னும் கொஞ்சம் மாவு தூவிக்கட்டுமா?

வேண்டாம். சப்பாத்தி மாவு பிசைந்து பழகிய கைக்கு இது ஓடுகிற மாவாகத்தான் தோன்றும். கையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். அரைமணி நேரம் கழித்துத் தொட்டுப் பாருங்கள், தவிடு தண்ணீரை இழுத்து மாவு தானே இறுகியிருக்கும். அப்போதும் குட்டையாகத் தேங்கி நின்றால் உங்கள் ஆட்டா குறைவாக இழுக்கும் ரகம், அடுத்த தடவை 20 கிராம் தண்ணீரைக் குறையுங்கள். மழைக்காலத்தில் மாவே ஈரத்தைக் குடித்திருக்கும், அப்போதும் சற்றுக் குறைக்கலாம்.

செங்கல் மாதிரி வந்திருக்கு. எங்கே தப்பு?

வெட்டிப் பாருங்கள், வெட்டு வாயே சொல்லும். அங்கங்கே பெரிய குகை, சுற்றிலும் இறுகிய மாவு என்றால் பொங்கல் போதவில்லை. பெரும்பாலும் ஸ்டார்ட்டர் பலமில்லாத காரணம். சின்னச் சின்னத் துளைகள் சீராக இருந்து, மேற்பகுதி தட்டையாகவோ அமுங்கியோ இருந்து, வாயில் வைத்தால் சுரீரென்று புளித்தால் நேரம் அதிகமாகிவிட்டது. நம் ஊரில் இரண்டாவதுதான் அதிகம். ஆனால் செங்கல் என்றதும் எல்லோரும் இன்னும் ஒரு மணி நேரம் கூட்டிப் பார்க்கிறார்கள், அடுத்த ரொட்டி இன்னும் மோசமாகிறது.

வெளியே நல்லா வெந்திருக்கு, உள்ள பிசுபிசுன்னு கத்தியில ஒட்டுது.

முதல் சந்தேகம், சூட்டோடு வெட்டியிருப்பீர்கள். முழுக்கோதுமை ரொட்டிக்குள் ஈரம் அதிகம். வெளியே எடுத்த பிறகும் மாவுச்சத்து உள்ளே இறுகிக்கொண்டிருக்கும். குறைந்தது மூன்று மணி நேரம் கம்பி வலைமேல் ஆறட்டும். கேழ்வரகு கலந்ததென்றால் மறுநாள் காலையில்தான் வெட்ட வேண்டும். வீட்டில் இருப்பவர்களைச் சமாளிப்பது உங்கள் பாடு.

ஆறிய பிறகும் ஒட்டினால் வேக்காடு போதவில்லை. குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் இருந்தால் நடுவில் 96இலிருந்து 98 டிகிரி காட்ட வேண்டும். அதுவும் சரியாக இருந்தும் ஒட்டுகிறதென்றால் முன்பு சொன்ன உடைந்த மாவுச்சத்து, நொதி விவகாரம்தான். அதிகம் புளிக்கவிடாமல் நேரத்தைக் குறைத்துப் பாருங்கள்.

என்கிட்ட சின்ன ஓடிஜிதான் இருக்கு. இரும்புச் சட்டி, கல் எல்லாம் வாங்கணுமா?

டின் ரொட்டிக்கு எதுவும் வேண்டாம். மேல் கம்பி, கீழ்க் கம்பி இரண்டையும் போட்டு 230 டிகிரியில் நன்றாகச் சூடாக்குங்கள். விளக்கு அணைந்ததும் வைத்துவிடாமல் இன்னும் பத்து நிமிடம் விடுங்கள், சின்ன ஓவனில் கதவைத் திறந்தாலே சூடு பாதி போய்விடும். டின்னை அதே அளவு இன்னொரு டின்னால் கவிழ்த்து மூடி, இல்லாவிட்டால் உயர்த்திக் கட்டிய அலுமினிய ஃபாயிலால் மூடி, 20 நிமிடம். ரொட்டியின் ஈரமே உள்ளே ஆவியாக நின்று மேல்தோலைச் சீக்கிரம் இறுகவிடாமல் பார்த்துக்கொள்ளும். பிறகு மூடியை எடுத்து 200 டிகிரியில் 25, 30 நிமிடம்.

மைக்ரோவேவ் கன்வெக்‌ஷன் மாடல்களில் சில 200ஐத் தாண்டாது. பரவாயில்லை, மூடாமல் வைக்கும் நேரத்தைப் பத்து நிமிடம் கூட்டுங்கள். மேல்தோல் கறகறவென்று வராது, சாண்ட்விச்சுக்கு அதுவே நல்லது.

படத்துல வர்ற மாதிரி பெரிய பெரிய ஓட்டை எனக்கு ஏன் வரல?

அவர்கள் சுடுவது வெள்ளை மாவில். தவிட்டுத் துணுக்கு குளூட்டன் படலத்தைக் குத்திக் கிழிக்கும், பெரிய குமிழி நிற்காது. தேங்காய்ச் சட்னியும் வெண்ணெயும் அந்த ஓட்டை வழியாக மடியில் விழுவதில் என்ன சுகம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. சீரான சின்னத் துளை, மெத்தென்ற நடுப்பகுதி, இதுதான் ஆட்டா ரொட்டியில் எதிர்பார்க்க வேண்டியது.

ராத்திரி ஃப்ரிட்ஜ்ல வெச்சுட்டு காலையில சுடலாமா?

தாராளமாக. ஆனால் முழுதாகப் பொங்கிய மாவை வைக்காதீர்கள். 30 டிகிரி மாவு ஃப்ரிட்ஜில் நடுப்பகுதிவரை குளிர மணிக்கணக்காகும், அதுவரை உள்ளே பொங்கிக்கொண்டேதான் இருக்கும். டம்ளரில் கால் பங்கு ஏறியதுமே சுருட்டி டின்னில் போட்டு, உலராமல் மூடி, பின்பக்கச் சுவரை ஒட்டி வையுங்கள். கதவுப் பக்கம் வேண்டாம். காலையில் நேராக ஓவனுக்குப் போகலாம். இரவு கரண்ட் போகும் பகுதியென்றால் இந்த வழியையே மறந்துவிடுங்கள்.

கேழ்வரகு, கம்பு எவ்வளவு சேர்க்கலாம்?

இவற்றில் குளூட்டன் கிடையாது. அதனால் மொத்த மாவில் 15 சதவீதம் வரை தொல்லை இல்லை, 20ஐத் தாண்டினால் உயரம் குறைவது கண்ணுக்குத் தெரியும். பச்சை மாவாகச் சேர்த்தால் கேழ்வரகு வாயில் நறநறக்கும், ரொட்டியும் சீக்கிரம் உலர்ந்து உதிரும். கூழ் காய்ச்சத் தெரிந்த வீட்டுக்கு இதற்கு வழி சொல்லித்தர வேண்டியதில்லை. 60 கிராம் கேழ்வரகு மாவை 180 கிராம் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, அடுப்பில் கிளறி, பளபளவென்று இறுகியதும் இறக்கி நன்றாக ஆறவைத்து அதை மாவோடு பிசையுங்கள். வெந்த மாவு தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பதால் ரொட்டி மூன்று நாள் மிருதுவாக இருக்கும். மேலே சொன்ன செய்முறையில் ஆட்டாவை 60 கிராம் குறைத்துக்கொள்ளுங்கள். கூழுக்கு ஊற்றிய 180 கிராமையும் 290 தண்ணீரில் கழித்துக்கொண்டு, மிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, பதம் பார்த்து நிறுத்துங்கள்.

முளைகட்டிய கேழ்வரகு மாவை மட்டும் இதற்கு எடுக்காதீர்கள். முளைவிடும்போது மாவுச்சத்தை உடைக்கும் நொதிகள் பெருகியிருக்கும். குழந்தைக்குக் கஞ்சி இளக்கமாக வர அதுதான் காரணம், பிரெட்டில் அது பிசுபிசுப்பில் கொண்டுபோய் விடும். வேண்டுமென்றால் ஒரு ஸ்பூன், மணத்துக்கு.

சம்பா கோதுமையில, முழுக்க முழுக்க மைதா இல்லாம வருமா?

இரண்டும் வேறு வேறு கேள்வி. சாதாரண ஆட்டாவில் மைதாவே இல்லாமல் நல்ல டின் ரொட்டி வரும். தண்ணீரை 80 சதவீதத்துக்கு ஏற்றுங்கள், ஊறும் நேரத்தை ஒரு மணியாக்குங்கள், பொங்குவதை இன்னும் சீக்கிரம் நிறுத்துங்கள்.

சம்பா கோதுமை என்ற பெயரில் கடைகளில் ஒன்றுக்கு மேற்பட்ட ரகம் ஓடுகிறது. கப்ளி என்றும் எழுதியிருந்தால் அது எம்மர் இனம். சாதாரண கோதுமைக்கு 42 குரோமோசோம், எம்மருக்கு 28. குறைகிற அந்த 14இல்தான் பிரெட் மாவுக்கு இழுவையும் வலுவும் தரும் புரதங்களின் முக்கியமான மரபணுக்கள் இருக்கின்றன. ஆகவே எம்மரில் குளூட்டன் இருந்தும் அது காற்றைத் தாங்காது, எவ்வளவு பிசைந்தாலும் அறுந்துபோகும். பாதிக்குப் பாதி ஆட்டாவோடு கலந்தால் வாசனையும் கிடைக்கும், ரொட்டியும் நிற்கும். முழுக்க அதில்தான் வேண்டுமென்றால் தண்ணீரை 65 சதவீதத்துக்குக் குறைத்து, பிசையாமல் கலந்து, நேராக டின்னில் வழித்து ஒரே ஒரு முறை பொங்கவிட்டுச் சுடுங்கள். இறுகலாக, இனிப்பு மணத்தோடு வரும். மெல்லிசாக வெட்டி டோஸ்ட் செய்தால் எனக்கு எல்லா ரொட்டியையும்விட இதுதான் பிடிக்கும்.

சுகருக்கு நல்லதுன்னு சொல்றாங்களே? கோதுமை ஒத்துக்காதவங்களும் சாப்பிடலாமாமே?

இரண்டாவதற்கு முதலில் பதில்: சீலியாக் நோய், அதாவது குளூட்டன் குடலைப் பாதிக்கும் நோய், உள்ளவர்கள் கோதுமை சவர்டோவைத் தொடவே கூடாது. புளிக்கும்போது குளூட்டனில் ஒரு பகுதி உடையும், மொத்தமும் போகாது. எம்மரும் அப்படியே.

சர்க்கரை நோய்க்கு, வெறும் வெள்ளை பிரெட்டோடு ஒப்பிட்டால் சவர்டோவுக்கு ரத்தச் சர்க்கரை சற்று நிதானமாக ஏறுவதாகப் பல ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். எல்லா ஆய்வும் ஒரே பதிலைச் சொல்லவில்லை. எப்படியும் அது மாவுச்சத்துதான், நாலு துண்டு தின்றால் நாலு துண்டுக்கான கணக்குதான். குளுக்கோமீட்டர் வீட்டில் இருக்கிறதென்றால் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்துவிட்டு டாக்டரிடம் பேசுங்கள். தவிட்டில் இருக்கும் ஃபைட்டிக் அமிலம் புளிப்பில் உடைவதால் இரும்பும் துத்தநாகமும் உடம்பில் கூடுதலாகச் சேரும் என்பது ஓரளவு உறுதியான விஷயம்.

ரெண்டாவது நாள் பிரெட்டைப் பிட்டா நூல் நூலா இழுக்குது, அழுகின பழ வாசனை. பூசணம் எதுவும் இல்லை.

உடனே தூக்கி எறியுங்கள், வாயில் வைத்துப் பார்க்க வேண்டாம். பாசில்லஸ் வகை பாக்டீரியாவின் வேலை இது. தானியத்தின் மேல்தோலோடு வரும் இதன் வித்துகள் ஓவன் சூட்டில் சாகாது, ஏனென்றால் ரொட்டியின் நடுப்பகுதி 100 டிகிரியைத் தொடுவதே இல்லை. புழுக்கமான நாளில் ஒன்றிரண்டு நாளிலேயே தலைகாட்டும். நல்ல புளிப்பு இருந்தால் இது வளராது என்பதால் சவர்டோவில் அபூர்வம். அவசரத்துக்கு ஈஸ்ட் கலந்து ஒரு மணி நேரத்தில் சுட்ட முழுக்கோதுமை ரொட்டியில்தான் அதிகம் வரும்.

டின், பலகை, கத்தி, துணி எல்லாவற்றையும் கழுவி வினிகரால் துடைத்து வெயிலில் காயப்போடுங்கள். அந்த மாவு மூட்டையை இனி பிரெட்டுக்கு எடுக்காதீர்கள், சப்பாத்திக்குப் பரவாயில்லை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ரொட்டியை இரண்டாம் நாளே துண்டு போட்டு ஃப்ரீசருக்கு அனுப்பிவிடுவது நல்லது.

கடையில சவர்டோன்னு விக்கறது நிஜம்தானான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

பின்பக்கச் சேர்மானப் பட்டியலைப் படியுங்கள். எடை அதிகமானதுதான் முதலில் வரும். மாவு, தண்ணீர், உப்பு, சவர்டோ கல்ச்சர் என்று முடிந்தால் நம்பலாம். ஈஸ்ட், சவர்டோ பவுடர், அசிடிட்டி ரெகுலேட்டர் என்று நீண்டால் அது புளிப்புச் சுவை சேர்த்த பிரெட். கோதுமை பிரெட் என்று முகப்பில் போட்டுவிட்டு உள்ளே முதல் பெயர் மைதாவாக இருக்கிறதா என்றும் அதே பார்வையில் பார்த்துவிடுங்கள்.

ஒரு மாசம் ஊருக்குப் போறேன். ஸ்டார்ட்டரை யார்கிட்ட குடுத்துட்டுப் போறது?

யாருக்கும் கொடுத்து அவர்களைச் சங்கடப்படுத்த வேண்டாம். கிளம்பும் முன் 10 கிராம் ஸ்டார்ட்டருக்கு 40 கிராம் மாவும் 20 கிராம் தண்ணீரும் போட்டுக் கெட்டி உருண்டையாகப் பிசைந்து, மாவு தூவிய டப்பாவில் ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஒரு மாதம் தாங்கும். திரும்பி வந்து மேல்தோலை நீக்கிவிட்டு உள்ளிருந்து கிள்ளி இரண்டு மூன்று வேளை மாவு கொடுத்தால் எழுந்துவிடும்.

அதற்கும் மேல் என்றால், நன்றாகப் பொங்கிய ஸ்டார்ட்டரை பட்டர் பேப்பரில் மெல்லிசாகத் தடவி ஃபேன் காற்றில் காயவையுங்கள். மொட்டை மாடி வெயில் வேண்டாம், வடாம் காயும் சூட்டில் ஈஸ்ட் செத்துவிடும். மறுநாள் அப்பளமாக உரிந்து வரும். நொறுக்கிக் காற்றுப்புகாத டப்பாவில் தேதி எழுதி வைத்துவிட்டால் பல மாதம் கிடக்கும். பயணம் எதுவும் இல்லாவிட்டாலும் இப்படி ஒரு டப்பா எடுத்து வைத்திருங்கள். ஃப்ரிட்ஜைச் சுத்தம் செய்ய வருபவர்கள் அந்த பாட்டிலைக் கெட்டுப்போன மாவு என்று நினைத்துக் கழுவிவைப்பது எல்லா வீட்டிலும் நடக்கிறது.